ஆண்டு மலரைப் பிள்ளைகள் கையில் கொடுங்க

வருஷா வருஷம் பரீட்சை நெருங்கும் நேரத்தில் எங்கள் ஹைதை அபார்ட்மெண்ட் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கனமான புத்தகம் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆண்டு மலர். (இயர்புக் என்று சொன்னால்தான் அதுகளுக்குப் புரியும்.) வழவழ தாள், முழுக்கக் கலர், அட்டையில் ட்ரோனில் எடுத்த பள்ளிக்கூடக் கட்டடம். பெற்றவர்கள் நாம் ஒருமுறை புரட்டுவோம். நம்ம பிள்ளை எங்கே என்று தேடுவோம். ஒரு மூலையில் பாதி முகம் தெரிந்தால் சந்தோஷப்பட்டு டி.வி.க்குக் கீழே வைத்துவிடுவோம். அதோடு சரி.

இந்தப் புத்தகத்துக்குப் படம் எடுப்பதும் எழுதுவதும் பிள்ளைகளாகவே இருக்கணும், அதற்குப் பள்ளிக்கூடம் போட்டோ எடுக்கவும் கதை சொல்லவும் ஒழுங்காகச் சொல்லித் தரணும். இதுதான் என் கட்சி. "ஏன்யா, ஆபீஸில் ஆணி எதுவும் இல்லையா உனக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரை விட்டு வந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வேண்டியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நம்மில் பலர் ஒரே ஊரில், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர்கள். இன்றைக்கு ஊருக்குப் போனாலும், "நீ ரெண்டாங்கிளாஸ்ல கொய்யா மரத்துலேருந்து விழுந்தவன்தானே?" என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார். பெட்டிக்கடைக்காரர், எதிர்வீட்டுப் பாட்டி, ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் என்று யாராவது ஒருவர். நம் சின்ன வயதுக்கு ஊரே சாட்சி.

நம் பிள்ளைகளுக்கு? வேளச்சேரியில் எல்.கே.ஜி. கச்சிபௌலியில் நாலாங்கிளாஸ். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ப்ராஜெக்ட் மாறினால் பெங்களூரில் ஏழாவது. விசா வந்தால் நியூஜெர்சி. வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம். எதிர் ப்ளாட்டில் இருப்பவர் பெயர் மனதில் தங்குவதற்குள் அவர் காலி செய்துவிட்டுப் போகிறார். பத்து வருஷம் கழித்து இவர்களைப் பார்த்து "நீ அப்போ இப்படி இருந்தே" என்று சொல்ல அப்பா அம்மாவைத் தவிர ஆள் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்த வருஷத்தைப் பற்றி மிஞ்சுகிற ஒரே அச்சடித்த சாட்சி இந்த மலர்தான். அதனால்தான் அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன்.

என்ன இருக்கிறது? ஒரு பள்ளிக்கூடத்தின் மலரை (பெயர் வேண்டாம்) ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 96 பக்கம். தாளாளர் படம் 14 இடத்தில். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை 9 இடத்தில். சுதந்திர தினம், ஆண்டு விழா, விளையாட்டு விழா, பரிசு வாங்கியவர்கள் வரிசை. எல்லாப் படத்துக்குக் கீழேயும் ஒரே மாதிரி வாசகம்: மாணவர்கள் உற்சாகத்துடன் கலந்துகொண்டனர். எந்த மாணவர்கள்? பெயர் கிடையாது. பின்னாடி "மாணவர் படைப்புகள்" என்று பத்துப் பக்கம். மழை பற்றி, அம்மா பற்றி, நேரத்தின் அருமை பற்றி. அதில் பாதியை இப்போது கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறது என்பது படித்தாலே தெரிகிறது.

பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல இடங்களில் வேலையை ஒரு ஏஜென்சியிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் போட்டோகிராபரை விழா நாளன்று மட்டும் அனுப்புகிறார்கள். அவருக்கு மேடைதான் தெரியும். மேடையில் நின்றவர்கள் புத்தகத்தில் வருகிறார்கள். மீதி இருநூறு நாள் அந்தக் கட்டடத்துக்குள் நடந்தது எதுவும் வராது.

நம் தாத்தா காலத்து க்ரூப் போட்டோவை நினைத்துப் பாருங்கள். கெட்டி அட்டையில் ஒட்டி, கீழே சின்ன எழுத்தில் "நிற்பவர்கள், இடமிருந்து வலம்", "அமர்ந்திருப்பவர்கள்", "தரையில்" என்று ஒவ்வொரு பெயரும் இனிஷியலோடு அச்சடித்திருக்கும். ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஆனால் எழுபது வருஷம் கழித்தும் யார் யார் என்று தெரிகிறது. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது நூறு பக்கக் கலர்ப் படம், ஒரு பெயரும் இல்லாமல்.

இங்கே ஒரு ஹைதராபாத் கதை சொல்லணும். ராஜா தீன் தயாள் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1844இல் மீரட் பக்கத்தில் சர்தானாவில் பிறந்தவர். ரூர்க்கி தாம்சன் கல்லூரியில் எஞ்சினியரிங் படித்து, இந்தூரில் பொதுப்பணித்துறை உத்தியோகம் பார்த்து, அப்புறம் போட்டோ பிடிப்பதையே தொழிலாக்கிக்கொண்டு 1880களில் செகந்திராபாதில் ஸ்டூடியோ போட்டவர். (அவரும் பிழைக்க வந்த எஞ்சினியர்தான், கவனிக்க!) ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானுக்கு அரசவை போட்டோகிராபர். 2006இல் தபால்தலை கூட வெளியிட்டார்கள்.

அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. நிஜாம், நவாப், வேட்டை, அரண்மனை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஆனால் கோஷாவில் இருந்த பெண்களை எடுக்க முடியாது. எவ்வளவு பெரிய போட்டோகிராபராக இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. 1892இல் அவர் பெண்களுக்கென்றே தனியாக ஒரு ஜெனானா ஸ்டூடியோ ஆரம்பித்தார். அதை நடத்தியது கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. கேமரா பிடிப்பவர் பெண் என்றானதும், அதுவரை படத்தில் வராதவர்கள் படத்தில் வந்தார்கள்.

ஆண்டு மலர் விஷயமும் இதேதான். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் எட்டாவது பி செக்‌ஷன் கடைசி பெஞ்சில் என்ன நடக்கிறது என்று எந்த ஏஜென்சி போட்டோகிராபராலும் எடுக்க முடியாது. அவர் உள்ளே வந்த உடனேயே எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து பல்லைக் காட்டிவிடுவார்கள். டீச்சர் போனாலும் அதே கதை. அங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளையால்தான் முடியும். அந்தக் கதவு அவர்களுக்கு மட்டும்தான் திறக்கும்.

சரி, கேமராவைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது, நாளைக்கு நூறு படம் எடுக்கிறார்கள். அதில் எண்பது செல்பி, இருபது சாப்பாடு. சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

கடந்த இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைகளில் ஏழாவது, எட்டாவது பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருடன் இந்த வேலையைச் செய்துவருகிறேன். நான் வாத்தியாரும் இல்லை, தொழில்முறை போட்டோகிராபரும் இல்லை. கேமரா பைத்தியம் பிடித்த சாப்ட்வேர் ஆசாமி. பார்த்ததில் உருப்படியாக இருந்த சில விஷயங்கள் கீழே.

1. முதல் வாரம் கேமரா கிடையாது. நோட்டுப் புத்தகம் மட்டும். பள்ளிக்கூட வாசலிலிருந்து வகுப்பு வரைக்கும் நடந்து, வழியில் பார்த்த பத்து விஷயத்தை எழுதச் சொல்வேன். முதலில் "மரம், பஸ், டீச்சர்" என்று எழுதுவார்கள். இரண்டாவது தடவை "நம்பர் ஏழு பஸ்ஸில் கண்ணாடி விரிசலுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு" என்று வரும். அப்போதுதான் படம் எடுக்கத் தயார்.

2. மூன்று தூரம். ஒரு விஷயத்தைத் தள்ளி நின்று ஒன்று (இடம் தெரியணும்), நடுவில் நின்று ஒன்று (ஆள் தெரியணும்), கிட்டப் போய் ஒன்று (கை, செருப்பு, டிபன் டப்பா மாதிரி). இந்த மூன்றும் சேர்ந்தால் கதைக்கு ஆரம்பம் கிடைத்துவிடும். ஜூம் பண்ணக் கூடாது, காலால் நடந்து போகணும்.

3. ப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கம் போ. இதை ஒருமுறை செய்து காட்டினால் போதும். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த முகத்தையும் ஜன்னல் ஓரம் எடுத்த முகத்தையும் பக்கத்தில் வைத்தால் அவர்களே புரிந்துகொள்வார்கள்.

4. கேட்டுவிட்டு எடு. எடுத்ததைக் காட்டு. வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடு. அழுகிறவன், விழுந்தவன், திட்டு வாங்குகிறவன் படம் கிடையாது. இது கறாரான சட்டம்.

5. பெயர். படத்தில் இருப்பவர் பெயரை அவரிடமே கேட்டு, எழுத்துக்கூட்டி வாங்கு. பெயர் தெரியாத படம் மலரில் வராது.

கடைசியாகச் சொன்னதில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம் கிடைத்தது. ஒரு பெண் பிள்ளை, சின்ன வகுப்புக் குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டிவிடும் ஆயம்மாவின் கையை எடுத்திருந்தாள். (இங்கே பள்ளிக்கூட உதவியாளர் அம்மாக்களை எல்லாரும் ஆயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.) நல்ல படம். "பேர் என்ன?" என்றேன். "ஆயம்மா அங்கிள்" என்றாள். போய்க் கேட்டு வரச் சொன்னேன். அரை மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தவள் கையில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். பெயர், மஹபூப்நகர் பக்கம் எந்த ஊர், எத்தனை மணிக்கு முதல் பஸ் பிடிக்கிறார், அவர் மகனும் எட்டாவதுதான் படிக்கிறான் என்பது வரைக்கும். எல்.கே.ஜி.யிலிருந்து அவளுக்கு லேஸ் கட்டிவிட்டவர் அவர். பெயரை அன்றைக்குத்தான் கேட்டிருக்கிறாள். கேமரா இருந்ததால் கேட்க ஒரு காரணம் கிடைத்தது.

அதே பெண் படத்துக்குக் கீழே முதலில் எழுதியது: "எங்கள் அன்பான ஆயம்மா". அப்புறம் மாற்றி எழுதியது (இங்கிலீஷில், நான் தமிழில் சொல்கிறேன்): "காலை எட்டே காலுக்கு இவர் இதுவரைக்கும் பதினேழு ஷூவுக்கு லேஸ் கட்டிவிட்டார். நான் எண்ணினேன்." இந்த இரண்டு வரிக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நாம் சொல்லித் தர வேண்டிய கதை சொல்லல். பெரிய இலக்கணம் எதுவும் வேண்டாம். "அன்பான" என்பதை எடுத்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்டால் போதும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கர் வெண்டி இவால்ட் 1970களிலேயே கென்டக்கி மலைப்பகுதிப் பிள்ளைகளிடம் கேமரா கொடுத்து எடுக்கச் சொன்னவர். அந்தப் படங்களும் பிள்ளைகளின் பேச்சும் 1985இல் புத்தகமாக வந்தன. குஜராத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளைகளோடும் வேலை செய்து, அதுவும் 1996இல் புத்தகமானது. அவர் ட்யூக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து டர்ஹாம் நகரப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்தது நாலே தலைப்பு: நான், என் குடும்பம், என் அக்கம்பக்கம், என் கனவு. படம் எடுப்பதும் எழுதுவதும் ஒரே பாடம். எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கிற பிள்ளை, தான் எடுத்த படத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதும் என்பதுதான் அடிப்படை. இதை நானே கண்ணால் பார்த்துவிட்டேன்.

நம்ம ஊரிலேயே ஆள் இருக்கிறார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த எம். பழனிக்குமார். 2017இல் வந்த "கக்கூஸ்" ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 2022இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப்பட புகைப்பட விருதை முதன்முதலில் வாங்கியவர். அவருடைய அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். தன்னைப் போன்ற உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டோ எடுக்கச் சொல்லித் தருவதைத் தன் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார். வெளியாள் வந்து நம் தெருவைப் படம் எடுப்பதற்கும், தெருவிலிருந்தே ஒருவன் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியணும் என்றால் அவர் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். லட்ச ரூபாய் ஃபீஸ் கட்டுகிற நம் பிள்ளைகள் அதைப் பார்க்கவேண்டியது ரொம்ப அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

இனி ஆட்சேபணைகள். ஒவ்வொன்றாக வருவோம்.

"பள்ளியில் போன் கூடாதே?" கூடாதுதான், நானும் அதற்கு ஆதரவு. அபார்ட்மெண்ட்டில் ஒரு நோட்டீஸ் போட்டேன். பரணில் தூங்கிக்கொண்டிருந்த பழைய டிஜிட்டல் கேமரா ஆறு வந்து சேர்ந்தது. எல்லாம் 2008, 2010 மாடல். ஏ4 பக்கம் முழுக்க ஒரு படம் நன்றாக அச்சாக 2480 x 3508 பிக்சல் போதும், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் கொஞ்சம் கீழே. அந்தக் கேமராக்களே தாராளம். எதற்கு ஒன்றரை லட்ச ரூபாய் போன்? (படத்தை வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பணும்.)

"பிள்ளைகள் படம் வெளியே போனால் என்ன ஆவது?" நியாயமான பயம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தை என்கிறது, பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன. வருஷ ஆரம்பத்திலேயே ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். படங்கள் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரிலும் அச்சுப் புத்தகத்திலும் மட்டும் இருக்கட்டும். சமூக வலைத்தளம் பக்கம் போகவே வேண்டாம். இதில் இன்னொரு லாபம்: ஒருவரைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்று பதிமூன்று வயதில் பழகிய பிள்ளை, இருபதில் பழகாத பிள்ளையைவிட நல்ல மனுஷனாக இருக்கும்.

"போர்ஷன் முடிக்கணும் சார்." வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். நானூறு படத்திலிருந்து பன்னிரண்டைப் பொறுக்குவது, எது முக்கியம் என்று சண்டை போட்டு முடிவு செய்வது, பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று அச்சகக் கணக்குக்குள் அடக்குவது, ஒரு பக்கத்தை நாலு பேர் படித்துப் பிழை திருத்துவது. இதை போர்ஷன் இல்லை என்று யார் சொன்னது? ஆபீஸில் நாம் தினம் செய்வது இதைத்தானே.

"படம் தரமாக இருக்காதே?" சில படம் ஆடியிருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். விழா மேடையை ஏஜென்சியே எடுக்கட்டும். நூறு பக்கத்தில் முப்பது பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த முப்பது பக்கத்தில் மொழியையும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். தெலங்கானாவில் 2018இல் வந்த சட்டப்படி எல்லா வாரியப் பள்ளிகளிலும் தெலுங்கு கட்டாயப் பாடம். நம் பிள்ளைகள் தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றும் எழுதுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், எழுதத் தெரியாது. ஒரு பையன் தன் டிபன் டப்பாவை எடுத்து, பக்கத்து நண்பன் டப்பாவையும் எடுத்து, "எங்க வீட்டுல இது புளியோதரை, அவன் வீட்டுல புளிஹோரா, ரெண்டு பேரும் அது தப்பும்பான்" என்று சொன்னான். அதை அப்படியே, அந்த இரண்டு வார்த்தையை அவனவன் எழுத்தில் போடுவதில் யாருக்கு நஷ்டம்? "புளியோதரை" என்று தமிழில் எழுதத் தெரிந்துகொள்ள அவன் அன்றைக்கு அம்மாவிடம் உட்கார்ந்தான். நானும் தங்கமணியும் எத்தனையோ தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை இழுத்துப் பார்த்தவர்கள். இப்படித் தானாகப் போய் யாரும் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளுக்கு இதுதான் முக்கியம். மலருக்கான பட்டியலை ஜனவரியில் ரோலில் இருக்கிற பெயரை வைத்துத்தான் தயார் செய்கிறார்கள். ஆகஸ்டில் புனேக்கு மாற்றலாகிப் போன பிள்ளை அதில் வராது. நவம்பரில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு வகுப்புப் படத்தில் இடம் இருக்காது, க்ரூப் போட்டோ செப்டம்பரிலேயே எடுத்தாகிவிட்டது. நடுவில் போகிறவர்களும் நடுவில் வருகிறவர்களும் யார்? பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். இரண்டு ஊரிலும் அந்த வருஷத்துப் புத்தகத்தில் அவர்கள் இல்லை.

போன வருஷம் ஒரு பையன் காலி பெஞ்ச் ஒன்றை எடுத்திருந்தான். மேலே காம்பஸால் கீறிய ஒரு பெயர். "இவன் தசராவுக்கு அப்புறம் வரலை. அவங்க அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர். எனக்கு நம்பர் தெரியாது" என்று கீழே எழுதியிருந்தான். மலர்க் குழுவில், சோகமாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு சோலார் பேனல் விளம்பரம் வந்தது.

ஆகவே மக்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஏ.சி. பஸ், ரோபாட்டிக்ஸ் லேப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள். மலரில் முப்பது பக்கம் பிள்ளைகளுக்குத் தருவீர்களா? இந்த வருஷம் வந்தவர்கள், போனவர்கள் எல்லார் பெயரும் படமும் போட்டு ஒரு பக்கம் ஒதுக்குவீர்களா? போன பிள்ளையின் புது விலாசத்துக்கு ஒரு பிரதியைக் கூரியரில் அனுப்பவும் சொல்லுங்கள். கூரியர் செலவை நாமே கொடுத்துவிடலாம்.